பழைய பங்க் பாடல்களை எந்தச் சரட்டில் கோப்பது?

அக்கா மகளுக்கு வேலை கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏறினால் சிறுசேரி போய்ச் சேர ஒரு மணி நேரம். போன மாதம் வீட்டுக்கு வந்தவள் என் அலமாரியில் இருந்த பழைய கேசட்டுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "மாமா, இந்த பங்க் பாட்டெல்லாம் வெறும் கத்தல்தானே? இல்லைன்னா நீங்களே ஒரு பிளேலிஸ்ட் போட்டுக் கொடுங்க. பஸ்ல கேட்டுட்டுச் சொல்றேன்."

அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் இருநூறு பாடல்கள் சேர்ந்துவிட்டன. 1976, 77-இல் நியூயார்க்கிலும் லண்டனிலும் வெடித்த, வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் ராக் பாடல்கள், பிறகு அமெரிக்கக் கல்லூரி ரேடியோக்கள் வளர்த்த, பங்க் வழிவந்த ஆல்டர்நேட்டிவ் ராக் பாடல்கள் என்று 1994 வரை வந்து நின்றேன். எல்லாமே நல்ல பாடல்கள்தான். ஆனால் 'சிறந்தவை' என்று தொகுக்கும்போது ஒரு பாட்டை விடுவதற்குக் காரணமே கிடைப்பதில்லை. எதற்குப் பின் எது என்பதற்கும் காரணம் இல்லை. ஆகவே ஒரு சரடு வேண்டும். எந்த மாதிரிச் சரடு என்று முடிவு செய்ய மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பட்டியல் கோத்து, முழுக்கக் கேட்டு, ஒப்பிட்டுப் பார்த்தேன். இதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எல்லாப் பட்டியலுக்கும் பொதுவாக ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: 45 நிமிடம். பழைய சி-90 கேசட்டின் ஒரு பக்க அளவு அது. பங்க் பாடல்களுக்கு அந்த இடம் தாராளம். நியூயார்க்கின் ராமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தில் 14 பாடல்கள், மொத்தமே 29 நிமிடம்தான். சி-60 கேசட்டின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

சொல்லை வைத்து, மனநிலையை வைத்து

தலைப்பில் வரும் சொல்லை வைத்துக் கோப்பதுதான் சுலபம். கிழமைகளை எடுத்துக்கொண்டேன். பூம்டவுன் ராட்ஸின் 'ஐ டோன்ட் லைக் மண்டேஸ்', நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே', தி க்யூரின் 'ஃப்ரைடே ஐ'ம் இன் லவ்' என்று வரிசை தானாக வந்து விழுந்தது. போட்டுக் கேட்டேன். முதல் பாட்டு 1979 ஜனவரியில் சான் டியேகோவில் ஒரு பள்ளிக்கூடத்தின் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றியது. சுட்ட பெண் சொன்ன காரணம்தான் அந்தத் தலைப்பு. இரண்டாவது பாட்டின் வரிகளில் திங்கட்கிழமை என்ற சொல்லே கிடையாது. மூன்றாவது, காதலின் துள்ளல். துப்பாக்கிச் சூட்டையும் துள்ளலையும் ஒரே கயிற்றில் கட்டிய குற்ற உணர்வு எனக்கு வந்துவிட்டது. பாட்டு எதைச் சொல்கிறது என்று கேட்காமல் அதன் பெயரை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். இந்த வழி வேண்டாம்.

மனநிலை, வேகம் ஆகியவற்றை வைத்துக் கோப்பதையும் சீக்கிரமே விட்டுவிட்டேன். கோபத்துக்கு ஒன்று, ஓடுவதற்கு ஒன்று என்று செயலிகளே செய்து தருகின்றன. வேகமான பங்க் பாடல்களை இருபது அடுக்கினால் ஆறாவது பாட்டிலிருந்து காது எதையும் பிரித்துக் கேட்பதில்லை. கத்தல்தானே என்று கேட்ட பெண்ணிடம் ஆமாம் என்று சொன்னது போலாகிவிடும்.

ஊரை வைத்து

இது கனமான வழி. மான்செஸ்டரை எடுத்துக்கொண்டேன்.

1976 ஜூன் 4. ஹவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு மாணவர்கள் லண்டனிலிருந்து செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவை வரவழைத்து, லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் ஒரு கச்சேரி வைக்கிறார்கள். வந்தவர்கள் சில டஜன் பேர்தான். அதில் பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் இருந்தார்கள். இதை நாமும் செய்யலாமே என்று அவர்கள் ஆரம்பித்த குழுதான் பிறகு ஜாய் டிவிஷன் ஆயிற்று. பின்னாளில் தி ஸ்மித்ஸில் பாடிய மோரிஸ்ஸியும் அன்று வந்திருந்தார். கச்சேரி வைத்த இருவரும் பஸ்காக்ஸ் என்ற குழுவாகி, அந்த வருடம் டிசம்பர் 28 அன்று நான்கு பாடல்களைப் பதிவு செய்தார்கள். கடன் வாங்கிய பணம், சொந்த லேபிள். 1977 ஜனவரியில் அது 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற பெயரில் வெளியானது.

அந்த நான்கு பாடல்களுக்கும் ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹேனட். 1979-இல் ஜாய் டிவிஷனின் 'அன்நோன் ப்ளெஷர்ஸ்' ஆல்பத்தை உருவாக்கியவரும் அவரே. முன்னதில் எல்லாம் ஒரே அறையில் முட்டி மோதிக்கொண்டு வருகிறது. பின்னதில் ஒவ்வொரு டிரம் அடியும் காலியான ஒரு கூடத்தில் தனியாக விழுகிறது. இரண்டரை வருடத்தில் ஒரே காது இவ்வளவு தூரம் போயிருக்கிறது. அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் விளக்கமே வேண்டாம், தூக்கிவாரிப் போடும். ஊர்ப் பட்டியல் தரும் பெரிய சந்தோஷம் இதுதான்.

டெவோட்டோ பிரிந்துபோய் ஆரம்பித்த மேகஸின் குழுவின் 'ஷாட் பை போத் சைட்ஸ்', பஸ்காக்ஸின் 'எவர் ஃபாலன் இன் லவ்', தி ஃபால் குழுவின் பாட்டு, அப்புறம் ஜாய் டிவிஷனின் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்', 1983-இன் 'ப்ளூ மண்டே'. பட்டியல் அழகாகத்தான் இருந்தது.

குறை என்னவென்றால், கால வரிசையில் போகும்போது பட்டியல் இருண்டுகொண்டே வருகிறது. ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்டிஸ் 1980 மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். மிச்சமிருந்தவர்கள் நியூ ஆர்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டு முதலில் வெளியிட்ட 'செரிமனி' அவர் இருந்தபோதே உருவான பாட்டு. இது தெரிந்தவருக்கு அதைக் கேட்கும்போது தொண்டை அடைக்கும். தெரியாதவருக்கு அது இன்னொரு சோகப் பாட்டு, அவ்வளவுதான். பஸ்ஸில் காதில் இயர்போனோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு யார் கதை சொல்வது? அதோடு, அந்த ஊரில் பிறந்தது என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு சுமாரான பாடல்களும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன. வாஷிங்டனையும் பார்த்தேன், அந்த ஊர்க் குழுக்களான மைனர் த்ரெட், பேட் பிரெய்ன்ஸ் எல்லாம் எனக்கு உயிர். ஆனால் புதிதாகக் கேட்பவருக்கு முதல் இருபது நிமிடம் ஒரே ஓட்டமாகத் தெரியும். அமெரிக்காவின் மினியாபோலிஸ் என்றால் ஹஸ்கர் டூ, தி ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற இரண்டு குழுக்களே முக்கால்வாசி இடத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏற்கெனவே நாலைந்து குழுக்களை விரும்பிக் கேட்பவருக்கு ஊர்ப் பட்டியல் மிக நல்லது. அறிமுகத்துக்குச் சரிவராது.

கண்ணி கண்ணியாக

எனக்கு மிகவும் பிடித்தது இந்த வழி. நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு பாட்டுக்கும் முந்தைய பாட்டோடு உண்மையான ஒரு தொடர்பு இருக்க வேண்டும். அதே பாட்டை இன்னொருவர் பாடியிருக்கலாம், ஒரே தயாரிப்பாளராக இருக்கலாம், வரியில் பெயர் வந்திருக்கலாம், ஒலித்துண்டை எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம்.

நான் ஜமைக்காவின் ரெகே இசையில் ஆரம்பித்தேன். 1976-இல் ஜூனியர் மர்வின் பாடிய 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்', தயாரிப்பு லீ பெர்ரி. அடுத்த வருடம் லண்டனின் தி கிளாஷ் என்ற பங்க் குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தில் அதையே ஆறு நிமிடத்துக்குப் பாடினார்கள். மற்ற பாடல்களெல்லாம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துபோகும் ஆல்பம் அது. அதைக் கேட்ட பிறகு லீ பெர்ரியும் பாப் மார்லியும் சேர்ந்து 'பங்க்கி ரெகே பார்ட்டி' செய்தார்கள். தி டேம்ன்ட், தி ஜாம், தி கிளாஷ் என்று பங்க் குழுக்களின் பெயர்கள் அந்தப் பாட்டிலேயே வருகின்றன. பிறகு லீ பெர்ரி கிளாஷுக்காக 'கம்ப்ளீட் கன்ட்ரோல்' பாட்டைத் தயாரித்தார். தங்களைக் கேட்காமல் ஒரு பாட்டை சிங்கிளாக, அதாவது தனித் தட்டாக, வெளியிட்ட ரெக்கார்ட் கம்பெனியை அதே கம்பெனியின் தட்டில் திட்டும் பாட்டு. அங்கிருந்து, ரெகே தயாரிப்பாளர் டென்னிஸ் போவெல் உருவாக்கிய தி ஸ்லிட்ஸின் 'டிபிகல் கேர்ள்ஸ்'. அதே 1979-இல் கிளாஷின் பால் சிமோனன் எழுதிப் பாடிய 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்'. பிறகு 1982, கிளாஷின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'.

இந்தக் கடைசிப் பாட்டில் கொஞ்சம் நிற்க வேண்டும். மூடிக் கிடக்கும் இரும்பாலைகள், இங்கிலாந்துக்கு வந்து ஒட்டாமல் நிற்கும் குடியேறிகள், அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். யாருக்கும் வேண்டாதவர்களின் பாட்டு அது. அதன் தொடக்கத்தில் மிதந்து வரும் கிடார் இழையை எடுத்து, 2007-இல் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டை உருவாக்கினார் எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, சிறு வயதின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்தில் கழித்து, போரினால் மறுபடி லண்டனுக்கு அகதியாகப் போன தமிழ்ப் பெண். குடியேறிகளைப் பற்றிய ஒரு பாட்டு, கால் நூற்றாண்டு கழித்து ஒரு குடியேறியின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்தக் கண்ணி பொருந்திய ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, இதையே கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு, எதுவும் தெரியாதவனாக என்னைப் பாவித்துக் கேட்டேன். கண்ணிகள் பாதிக்கு மேல் காதில் விழவே இல்லை. தயாரிப்பாளர் ஒருவரே என்பது எழுத்தில் வியப்பு. காதுக்கு அது தெரிவதில்லை. இன்னொன்று, கிளாஷ் நான்கு முறை வந்துவிட்டார்கள். ஒரு குழுவுக்கு ஒரு பாட்டுதான் என்று கண்டிப்பு வைத்தால் சங்கிலி அறுந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு வரி சொல்ல முடிந்தால் இதற்கு ஈடில்லை. தனியாகக் கேட்பவருக்கு அனுப்பி வைக்க இது ஏற்றதல்ல.

பேசுபொருளை வைத்து

காதல், வேலை, போலீஸ், டிவி, சலிப்பு. பாட்டு எதைப் பற்றிப் பேசுகிறது என்பதை வைத்துக் கோப்பது. பொருள் பெரிதாக இருந்தால் பழைய சிக்கலே திரும்ப வரும். காதல் என்று வைத்தால் இருநூறும் உள்ளே வந்துவிடும். 'போரடிக்கிறது' என்பதை எடுத்தேன். தமிழில் எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். விளக்க வேண்டிய தேவையே இல்லை. பழைய பங்க் இசையின் நடுநரம்பும் அதுதான். 1977-இல் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். டிவியில் மொத்தமே மூன்று சேனல்கள். பிள்ளைகள் போரடித்துப்போய் கிடாரைத் தூக்கினார்கள் என்றால் அது மிகை இல்லை.

கோத்துக் கேட்டபோது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பாடல்கள் ஒன்றோடொன்று வாதாட ஆரம்பித்தன.

அமெரிக்கப் பாடகர் இகி பாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் தி ஸ்டூஜஸ் குழுவோடு 'நோ ஃபன்' பாடினார். அடி மேல் அடி வைத்து இழுத்துக்கொண்டே போகும் பாட்டு. எங்கேயும் போய்ச் சேராது. பத்து வருடம் கழித்து 1979-இல் 'ஐ'ம் போர்ட்' என்று அவரே பாடும்போது சலிப்பு ஒரு பதவி மாதிரி ஆகிவிடுகிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறிவிக்கிறார். நடுவில், பஸ்காக்ஸின் 'போர்டம்'. பங்க் பிறந்து ஒரு வருடம்கூட ஆகாதபோதே இந்தச் சலிப்பும் ஒரு நாகரிகமாகிவிட்டதே என்று அலுத்துக்கொள்கிற பாட்டு. அதன் கிடார் தனி வாசிப்பில் இரண்டே ஸ்வரங்கள், திரும்பத் திரும்ப, மணி அடிப்பது போல. 1978-இல் ராமோன்ஸ் 'ஐ வான்னா பி செடேட்டட்' பாட்டில் அதையும் குறைத்து ஒரே ஸ்வரத்தில் முடித்துவிட்டார்கள். வாசிக்கத் தெரியாமல் அல்ல. சலிப்பு எப்படி ஒலிக்கும் என்று கேட்டால் அப்படித்தான் ஒலிக்கும். இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்தேன். ஒன்றைக் கேட்டவருக்கு மற்றது வரும்போது தானாகவே தெரியும்.

தி கிளாஷின் 'ஐ'ம் சோ போர்ட் வித் தி யுஎஸ்ஏ' முதலில் ஒரு பெண்ணைப் பார்த்து, உன்னோடு போரடித்துவிட்டது என்று மிக் ஜோன்ஸ் எழுதிய காதல் பாட்டு. அதே குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர் அதை அமெரிக்காவின் பக்கம் திருப்பிவிட்டார். டிவியைத் திறந்தால் எப்போதும் அமெரிக்கத் துப்பறிவாளர்கள்தானா என்று அதில் கேட்கிறார்கள். அதே டிவியின் முன்னால், அமெரிக்காவிலேயே, பீர் புட்டியோடு உட்கார்ந்திருக்கும் பையன்களின் குரலில் பிளாக் ஃப்ளாக் 1981-இல் 'டிவி பார்ட்டி' பாடினார்கள். இந்த இரண்டையும் ஒட்டி வைத்தேன். தி மெம்பர்ஸின் 'தி சவுண்ட் ஆஃப் தி சபர்ப்ஸ்' ஒரு புறநகர் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து தி செயின்ட்ஸ் அனுப்பிய '(ஐ'ம்) ஸ்ட்ராண்டட்', லண்டன் பங்க் இசையின் முதல் சிங்கிளுக்கும் முன்னால், 1976 செப்டம்பரில் வந்தது. எங்கோ ஒரு மூலையில் மாட்டிக்கொண்டவனின் அவசரம் அதில் இருக்கிறது. ரிச்சர்ட் ஹெல்லின் 'பிளாங்க் ஜெனரேஷன்' வெறுமையைப் பற்றிப் பாடினாலும், அந்த வெற்றிடத்தில் எதை வேண்டுமானாலும் நிரப்பலாம் என்றே நான் அதைக் கேட்கிறேன்.

கண்ணி முறையின் இன்பமும் இதற்குள் கொஞ்சம் கிடைத்தது. 1983-இல் கிளாஸ்கோவின் ஆரஞ்சு ஜூஸ் 'ரிப் இட் அப்' பாட்டில், தனக்குப் பிடித்த பாட்டின் பெயர் 'போர்டம்' என்று பாடி, உடனே அந்த இரண்டு ஸ்வர கிடாரையும் வாசித்துக் காட்டுகிறார்கள். இது யாரும் சொல்லாமலே காதில் விழும் கண்ணி. கடைசிக்கு முன்னால் கிரீன் டேயின் 'லாங்வியூ', 1994. பழைய சோபா, அதே டிவி. கடைசியாக ஃபுகாசியின் 'வெயிட்டிங் ரூம்', 1988. காத்திருக்கிறேன், ஆனால் நேரத்தை வீணாக்கப் போவதில்லை என்று சொல்லும் பாட்டு. மற்ற எல்லாப் பாடல்களுக்கும் பதில் போல அது கடைசியில் நிற்க வேண்டும் என்று நினைத்தேன்.

இந்த வழியிலும் ஆபத்து உண்டு. பொருளுக்குப் பொருந்துகிறது என்பதற்காகவே தட்டையான பாட்டு உள்ளே வந்துவிடும். அப்படி வந்த மூன்றைத் தூக்கினேன். எல்லாப் பாட்டும் ஒன்றையே சொன்னாலும் வீண்தான். குறைந்தது ஒரு பாட்டாவது மற்றவற்றை மறுக்க வேண்டும். காதல் பிரிவோ போலீஸோ எதை எடுத்தாலும் எதிர்க்கட்சிப் பாட்டு ஒன்றைத் தேடி உள்ளே வையுங்கள். அது கிடைக்காவிட்டால் வேறு பொருளுக்குப் போய்விடுவேன்.

ஆகவே என் முடிவு: புதிதாகக் கேட்பவருக்குப் பேசுபொருள், கொஞ்சம் கேட்டவருக்கு ஊர், நேரில் உட்கார்ந்து கேட்பவருக்குக் கண்ணி. அக்கா மகளுக்குச் 'சலிப்பு' போனது.

எந்த வழியானாலும்

செயலியில் ஒரு பாட்டை அடுத்த பாட்டோடு குழைக்கும் கிராஸ்ஃபேட் வசதியைப் பூஜ்யத்தில் வையுங்கள். பங்க் பாடல்கள் கதவை அறைந்து சாத்துவது போல முடிபவை; அந்த அறைதலைக் கரைத்துவிட்டால் பாதி போய்விடும். ஒலி அளவைச் சமன் செய்யும் வசதியை மட்டும் போட்டுவிடலாம். 1977-இன் தட்டும் 1994-இன் சிடியும் ஒரே உரப்பில் இருப்பதில்லை. ஷஃபிள் கூடவே கூடாது.

பதிவைப் பார்த்துச் சேருங்கள். கிளாஷின் 'ஒயிட் ரயட்' சிங்கிளில் ஒரு பதிவு, ஆல்பத்தில் வேறு பதிவு. ஆர்.ஈ.எம்.-இன் 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' 1981-இல் ஒன்று, 1983-இல் திரும்பப் பதிவு செய்தது இன்னொன்று, எனக்கு முன்னதுதான். முதுமையில் அதே குழுவினர் மறுபடி பதிவு செய்த வடிவங்கள் தேடலில் முதலில் வந்து நிற்பதும் உண்டு, ஏமாற வேண்டாம். பழைய சிடியிலிருந்து கோப்பாக எடுப்பவர்கள் மறைந்திருக்கும் பாடல்களைக் கவனியுங்கள். நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' சிடியில் கடைசிப் பாட்டு முடிந்து சுமார் பத்து நிமிட மௌனத்துக்குப் பிறகு இன்னொரு பாட்டு வெடிக்கும். அதை அப்படியே பட்டியலில் போட்டால் பஸ் ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து அக்கா மகளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "மாமா, அந்த வெயிட்டிங் ரூம் பாட்டு ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல சட்டுனு நின்னுடுச்சு. இயர்போன் போச்சுன்னு கழட்டிப் பாத்தேன். உடனே திரும்ப வந்துச்சு பாருங்க, பஸ்ல தனியா சிரிச்சுட்டேன். அதைத் தூக்கி முதல்ல வெச்சுட்டேன். கோவிச்சுக்காதீங்க." அவள் வரிசையில் நானும் போட்டுக் கேட்டேன். நேரத்தை வீணாக்கப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அதன் பிறகு பதினோரு பாடல்கள் போரடிக்கிறது போரடிக்கிறது என்கின்றன. பாடல்களுக்கு இடையிலான சண்டை என் வரிசையைவிட இதில் பலமாக இருக்கிறது. என் போனிலும் அப்படியே மாற்றி வைத்துவிட்டேன். தீபாவளிக்கு அவள் வரும்போது ஜமைக்காச் சங்கிலியைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதாக ஏற்பாடு.